பன்னிரண்டு கண்ணாடிகள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை செந்தமிழ்ச்செல்வி எட்டிப்பாறைக்குப் போனபோது, பன்னிரண்டு கண்ணாடிகளிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒவ்வொரு சட்டத்தின் மேலும் காய்ந்துபோன சாமந்திச் சரம். இரும்புக் கால்களில் வாழைக்கன்று கட்டிய கயிறு மட்டும் மிச்சமிருந்தது. கன்றை ஆடு தின்றிருந்தது.

ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். நைனார்பாளையத்தில் ஆறு மணிக்குப் பஸ் ஏறி, சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மாறி, கச்சிராயபாளையத்தில் ஷேர் ஆட்டோவுக்காக முக்கால் மணி நேரம் நின்று வந்திருந்தாள். அந்தக் களைப்பில் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் கண்ணாடியின் வழியாகக் கீழே கிடந்த ஜல்லிக் கற்கள் தெரிவதைக் கவனித்தாள். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படித் தெரியக் கூடாது.

கல்வராயன் மலை இறங்கி முடியும் இடத்தில் இருக்கிற சிற்றூர் எட்டிப்பாறை. ஊருக்கு ஒரே குடிநீர்க் கிணறு. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் ஓடை அதற்குள் நேராகவே இறங்கிவிடும். ஒன்றரை வருடத்துக்கு முன் கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறை இங்கே ஒரு சோதனை அமைப்பை நிறுவியது. கிணற்று நீர் மேல்தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து சாய்வாக வைத்த பன்னிரண்டு கண்ணாடிகளின் மேல் மெல்லிய தகடுபோல வழிந்து, மூடிய கீழ்த்தொட்டியில் சேரும். கண்ணாடிகளில் டைட்டானியம் டை ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களைப் பூசி அடுப்பில் சுட்டிருந்தார்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள். வெயில் பட்டால் அவை விழித்துக்கொள்ளும். மேலே ஓடும் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும். அதற்கு மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வெயில் போதும். ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒரு முறை வந்து தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போவது திட்டத்தின் ஒப்பந்த ஊழியரான செந்தமிழ்ச்செல்வியின் வேலை.

அந்தப் பூச்சு கண்ணாடிமேல் பனி படர்ந்ததுபோல வெளுப்பாகத் தெரியும். இப்போது ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தியா மேடம், எப்பிடி மின்னுதுன்னு!" ஆயம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். காட்டு வேலைக்குப் போகிறவள். காலையில் தண்ணீர் திறப்பதும், கண்ணாடியைத் துணியால் துடைப்பதும், ஆடு மாடு அண்டாமல் பார்ப்பதும் அவள் பொறுப்பு.

"எதுலக்கா தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாருல. சுண்ணாம்பு பூத்தாப்புல வெள்ளையா ஒட்டிக்கினு இருந்திச்சி. போவ மாட்டன்னிச்சி. செல கண்ணாடிக்கு அர மணி நேரம். தோள்பட்ட எறங்கிப் போச்சி."

"துணியால மட்டும் தொடைங்கன்னு சொல்லியிருந்தேனே."

"தெனமும் துணிதானே போடறேன். இது ஆயுத பூசையாச்சே. மம்புட்டிய கூடக் கழுவித்தான் பொட்டு வெக்கிறோம். அழுக்கு மேலயா சந்தனம் வெப்பாங்க?"

பம்ப் செட்டுக்குப் பொறுப்பான கொளஞ்சியப்பன் மேல்தொட்டி ஏணியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். "ஆயம்மா தேச்ச தேப்புல கண்ணாடி ரெண்டு கிலோ எளச்சிப் பூட்டுது மேடம்" என்றான்.

"நீ வந்து ஒண்ணு தேச்சியாடா? வெத்தல பாக்குக்கு மட்டும் மொத ஆளா வந்து குந்திக்கினே."

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்காமல் இருப்பதையும் யாரும் கவனிக்கவில்லை. வழக்கம்போல மூன்று பாட்டில்களில் தண்ணீர் பிடித்தாள், தேதி எழுதினாள், ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். பிறகு கொளஞ்சியப்பனிடம் போய், "குழாய மூடிடுங்க. தண்ணி சரியில்ல. காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"மூடிட்டா எதக் குடிக்கறது? கெணத்துத் தண்ணிதானே. அதத்தானே நீங்க இதுல வுட்டு வடிக்கறீங்க?"

"அதான் காய்ச்சச் சொல்றேன்."

"வெறகு வண்டி நாளைக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து பீடியை அணைத்தான். "சரி, சொல்றேன். கேக்கறவங்க கேப்பாங்க."

அவளுடைய கவலைக்குக் காரணம் தேய்த்த கண்ணாடிகள் மட்டுமல்ல. அதை அவள் ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். ஆயம்மாள் தேய்த்தது அக்டோபர் ஒன்றாம் தேதி. ஆனால் தண்ணீர் கெட ஆரம்பித்தது ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி. அதுவரை நூறு மில்லி தண்ணீரில் இரண்டு மூன்று கிருமிக் கூட்டங்களுக்கு மேல் வந்ததில்லை. அன்று பதினொன்று. அடுத்த வாரம் இருபத்து நான்கு. அதற்கடுத்த வாரம் கீழ்த்தொட்டியின் அடியில் மாவு கரைத்ததுபோல ஒரு வெளுப்பைப் பார்த்தாள். பூச்சு தானாகவே உதிர்ந்துகொண்டிருந்தது. திட்டத்தின் தலைவரான பேராசிரியர் தீனதயாளனிடம் சொன்னாள். "இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம். மேகமூட்டமா இருக்கும்" என்றார். இரண்டு வாரம் பார்த்தார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் எட்டிப்பாறையில் எழில்மதி என்ற பெண்ணின் நாலு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்ட கறி சேரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சுத்தம் செய்த தண்ணீரை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த வாரம் செல்வி கொளஞ்சியப்பனிடம் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அவன் இரண்டு நாள் போட்டான். வாடை அடிக்கிறது என்று பெண்கள் சத்தம் போட்டதும் விட்டுவிட்டான். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

கல்லூரியில் தீனதயாளன் மேசையில் கோப்புகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. திட்டம் இன்னும் இரண்டு வருடம் நீடிக்குமா என்பது அவர்கள் கையில் இருந்தது.

"போன்ல சொன்னீங்களே, கண்ணாடியத் தேச்சுட்டாங்களா?"

"பன்னெண்டையும் சார்."

"நார் போட்டா?"

"நார், புளி, சாம்பல்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் பல வாரங்களாக இருந்த ஏதோ ஒன்று தளர்ந்ததை செல்வி பார்த்தாள். திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் டிபன் பாக்ஸை அருகே இழுத்து ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டார்.

"அப்ப காரணம் கெடச்சிருச்சு" என்றார்.

"சார், எண்ணிக்க ஆகஸ்ட்லயே ஏற ஆரம்பிச்சிருச்சு. நோட்டுல இருக்கு."

"ஒரு தடவ தேய்க்கிறவங்க முன்னாடியும் தேச்சிருப்பாங்க, செல்வி. நீங்க வாரத்துல ஒரு நாள் போறீங்க. மத்த ஆறு நாள் அங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அது உண்மைதான்.

"இன்னொண்ணு. ஆகஸ்ட்லயே நமக்குத் தெரியும்னு சொன்னா, ஏன் தண்ணிய நிறுத்தலன்னு கேப்பாங்க. என்னைக் கேப்பாங்க. உங்களையும் கேப்பாங்க. அந்த ஊர்ல ஒரு கொழந்தைக்கு முடியாம போச்சுன்னு சொன்னீங்க இல்ல?"

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. அவரும் அதையே பல நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. பிறகு கணினியில் ஒரு கடிதம் அடித்தார். 'ஆகஸ்ட் மாதம் முதல் நான் வாரம் ஒரு முறை கண்ணாடிகளை நார் கொண்டு தேய்த்துக் கழுவி வந்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது.' கீழே ஆயம்மாளின் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

புதன்கிழமை செல்வி அதை எடுத்துக்கொண்டு போனாள். ஆயம்மாள் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வேண்டும் என்றதும் வரப்புக்கு வந்து உட்கார்ந்து, கையைத் தட்டிவிட்டு, "குடு. எங்க போடணும்?" என்றாள். நூறு நாள் வேலையில் கையெழுத்துப் போடப் பழகியவள். ரேகை வைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

பேனாவை நீட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். செல்வி பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"படிச்சிக் காட்டட்டுமாக்கா?"

"நீ எழுதனதுதானே."

"சார் எழுதினது."

"அப்பப் படி."

படித்தாள்.

"ஆகஸ்ட்டுன்னா?"

"ஆவணி."

"ஆவணில எங்க தேச்சேன்? அப்ப மல்லாட்டை புடுங்கப் போய்க்கினு இருந்தேன். காலைல துணியால ஒரு இசுப்பு இசுத்துட்டு வண்டிய புடிக்க ஓடுவேன். தேய்க்க ஏது நேரம்?" அவள் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழிலு புள்ளைய எப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க?"

"ஆவணி கடைசில."

"அப்ப இந்தக் காயிதம் போச்சின்னா, அந்தப் புள்ளைக்கு நான் பண்ணாப்புல ஆவும்."

"ஆகும்க்கா."

"அந்தப் புள்ள பொறந்தப்ப தொப்புள் கொடி அறுத்ததே நான்தான்" என்றாள் ஆயம்மாள். பக்கத்து வயலில் யாரோ கூப்பிட்டார்கள். "இரு, வரேன்!" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். "தேச்சத தேச்சேன்னு எழுது. போடறேன். பூசைக்கு மொத நாளு தேச்சேன். கூடாதுன்னு நீ சொன்ன, அதையும் எழுது. தேய்க்காதத நீ எப்பிடி எழுதுவ?"

"பூஜை அன்னைக்கா, மொத நாளா?"

"மொத நாளு ஆறு, பூசையன்னிக்கி ஆறு. சரியா எழுது."

செல்வி பழைய வரியை அடித்துவிட்டு, மேலே கையால் எழுதினாள். செப்டம்பர் முப்பது, அக்டோபர் ஒன்று. ஆயம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். முடித்துவிட்டு, "இதால ஒனக்கு எதுனா ஆவுமா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

தீனதயாளன் மறுநாள் அதை வாங்கிப் படித்தார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "இதுக்கு லெட்டரே இல்லாம இருக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை குழு பதினொரு மணிக்கு வந்தது. ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர், ஒரு பெண் அதிகாரி. ஊரில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வேலைக்குப் போகாத ஆண்கள் பின்னால் நின்றார்கள். கொளஞ்சியப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். எழில்மதி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள். பையன் இன்னும் இளைத்துத்தான் இருந்தான்.

விஞ்ஞானி குனிந்து கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"பூச்சே இல்லையே."

"ஆபரேட்டர் தேச்சுக் கழுவிட்டாங்க சார்" என்றார் தீனதயாளன்.

"எப்போ?"

தீனதயாளன் கைப்பையின் பட்டையைச் சரிசெய்தார். "அவங்களையே கேளுங்க சார்."

"நீதான் தேச்சியாம்மா?"

ஆயம்மாள் முன்னால் வந்தாள். துவைத்த புடவை கட்டியிருந்தாள். "ஆமாங்க, நான்தாங்க. நாரு போட்டு."

"அதனாலதான் தண்ணில கிருமி சாகாம இருந்திருக்கு. புரியுதா?"

"அது எனக்கு இன்னாங்க தெரியும். பூசைக்குத்தாங்க…"

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ, "அடிப்பாவி, கிருமியா?" என்றார்கள். வேலியோரமிருந்து எழில்மதி குரல் கொடுத்தாள்.

"இன்னா கிருமிங்க? எப்பத்துலேருந்து?"

விஞ்ஞானி நிமிர்ந்து பார்த்தார். தீனதயாளன் கண்ணாடிகளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா கீது அது? எம் புள்ள குடிச்சிக்கினு இருந்தானே, அப்பவும் இருந்திச்சா? அத்தே, நீ எப்பத்துலேருந்து தேய்க்கிற?"

ஆயம்மாள் வாயைத் திறந்தாள். கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பூசைக்கு மட்டும்தான் தேய்த்தேன் என்று அவள் சொன்னாள். ஆனால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசியதில் அது யார் காதிலும் விழவில்லை. 'நாரப் போட்டுத் தேச்சேன்னு அவளே சொல்றாளே' என்று ஒருத்தி சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

செல்வி ஐஸ் பெட்டிமேல் வைத்திருந்த நோட்டை எடுத்தாள். அவளுக்கு உரக்கப் பேசிப் பழக்கமில்லை. முதல் வரியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ஆகஸ்ட் பதினெட்டாம் தேதியிலிருந்து தண்ணி சரியில்ல. ஆவணி ரெண்டு. ஒவ்வொரு வாரமும் எண்ணிக்க இதுல இருக்கு. இவங்க தேச்சது போன வாரம், பூஜைக்கு. ரெண்டு நாள்ல, ஆறு ஆறா. அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே பூச்சு தானா உதிர ஆரம்பிச்சிருச்சு. கீழ்த்தொட்டியில பார்த்தேன்."

அதிகாரி நோட்டை வாங்கிக்கொண்டார். விஞ்ஞானி எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?" எழில்மதி வேலியைவிட்டு வந்திருந்தாள். "அப்பவே?"

"பார்த்தேன்."

"தெரியுமா ஒங்களுக்கு? எம் புள்ளைக்கு வவுறு போறதுக்கு முன்னாலயே?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே வாரா வாரம் வந்து பாட்டில்ல புடிச்சிக்கினு பூட்டீங்க."

சொல்வதற்குச் சில விஷயங்கள் இருந்தன. மேலே சொன்னேன், காத்திருக்கச் சொன்னார்கள், பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். பக்கத்தில் தீனதயாளன் நிற்பது தெரிந்தது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் செல்வி.

எழில்மதி பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கூட்டத்தில் சத்தம் அடங்கியது. ஒரு கிழவர் மட்டும், "காலேஜு வெச்ச கண்ணாடின்னா இப்பிடித்தான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

மதியம் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். ஆராய்ச்சிக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். முடிவு வர மாதக்கணக்கு ஆகும் என்றார். அது என்ன முடிவு என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. செல்வியின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தபோது தீனதயாளன் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசி ஏழு கண்ணாடிய அடுப்புல வெச்சப்ப கரண்டு போயிருச்சு" என்றார். "பாதி சூட்டுலதான் எடுத்தோம். பூச்சு சரியா புடிச்சிருக்காது. திரும்பச் சுடணும்னு நெனச்சேன். திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க." கொஞ்ச நேரம் வைக்கோலைப் பிரித்துக் கொடுத்தார். "ரிப்போர்ட்ல எழுதிடறேன்."

"எழுதுங்க சார்."

"நீங்க ஆகஸ்ட்லயே என்கிட்ட சொன்னீங்கன்னும் எழுதறேன்."

அவள் தலையாட்டினாள். அதை அவர் காலையிலேயே, எல்லோர் முன்னாலும், வாயால் சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

கண்ணாடிகளை ஏற்றியதும் வண்டியில் இன்னொருவருக்கு இடம் இல்லை. செல்வி ஐஸ் பெட்டியோடு சாலையோரப் புங்கமரத்தடிக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றாள். எதிரே கிணறு. வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரமாகியிருந்தது. பெண்கள் வந்து நேராகக் கிணற்றிலேயே வாளி விட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயம்மாளும் வந்தாள். கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி, தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

எழில்மதி குடத்தை நிரப்பி, சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"அத்தே, இத்த சித்த தூக்கி வுடு."

ஆயம்மாள் வந்து குடத்தை இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் வைத்தாள். தண்ணீர் சிந்தியது. "காச்சிக் குடு புள்ளைக்கு" என்றாள். "வெறகுக்குத்தான் எங்க போறது" என்றாள் எழில்மதி. "எங்கொல்லையில சோளத்தட்ட காயுது. வந்து எடுத்துக்கினு போ." அதற்குள் வேறொருத்தி ஆயம்மாளின் காலிக் குடத்தை எடுத்து வாளித் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.

எழில்மதி சாலையைக் கடந்து செல்வியின் பக்கமாக வந்தாள். குடம் ஆடாமல் இருக்க நேராகப் பார்த்து நடந்தாள். மூன்றடி தூரத்தில் கடந்தபோதும் அவள் கண் திரும்பவில்லை. செல்வி ஐஸ் பெட்டியைச் சற்று நகர்த்தி வழி விட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தண்ணி மேடம், பொட்டிய மடியில வெச்சிக்கோங்க, ஆளு ஜாஸ்தி" என்றான். அவள் ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்று அதில் பாட்டில்கள் எதுவும் இல்லை. ஐஸ் மட்டும் உருகிக்கொண்டிருந்தது.